கூட்டாளியா, கூட்டமா?
பகிர்ந்து வாழும் வீட்டின் அரசியல் பற்றிச் சில குறிப்புகள்

1

ஸ்பெயினில் ஒரே மாதிரியான வீட்டுக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. வேறுவேறு தேசங்களிலிருந்து படிக்க வந்த ஐந்தாறு மாணவர்கள் ஓர் அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தால் அது 'பீசோ கொம்பார்தீதோ', அதாவது பகிர்ந்துகொண்ட வீடு. அதே தெருவில் அதே அளவு வீட்டில் மொரோக்கோக்காரர்களோ பாகிஸ்தானியரோ அறைக்கு நாலு பேராக இருந்தால் செய்தித்தாள்கள் அதை 'பீசோ பத்தேரா' என்கின்றன. 'பத்தேரா' என்பது தட்டை அடிப்பாகம் கொண்ட சின்னப் படகு. வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஆட்கள் களவாக ஏறி வருகிற படகும் அதுதான். ஆக, கடலைக் கடந்து, கரையேறி, நகரத்துக்கு வந்து, நாலு மாடி ஏறிக் கதவைச் சாத்திய பிறகும் இவர்கள் இன்னும் படகிலேதான் இருக்கிறார்கள் என்று அந்தச் சொல் சொல்கிறது. வீடு என்கிற அந்தஸ்தே அந்த வீட்டுக்கு மறுக்கப்படுகிறது.

நெரிசல்தானே வித்தியாசம், இதில் என்ன அரசியல் என்று கேட்கலாம். நெரிசல் எங்கேயிருந்து வருகிறது என்பதை அந்தச் சொல் மறைக்கிறது என்பதே அரசியல். வாடகையை ஏற்றுபவர் வீட்டுக்காரர். பத்திரம் இல்லாதவர் பெயரில் வாடகை ஒப்பந்தம் எழுத வீட்டுக்காரர்கள் தயங்குவதற்குக் காரணம் சட்டம். ஆனால் சொல்லில் மிஞ்சியிருப்பது அடைந்து கிடக்கிற ஆட்கள் மட்டும்தான். ஏதோ அவர்களுடைய பழக்கவழக்கம் அப்படி என்பது போல.

ஊர் விட்டு ஊர் போய், முன்பின் தெரியாதவர்களோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்க நேர்கிறபோது, யாருக்கு அது நட்பாகிறது, யாருக்கு அது வெறும் நெரிசலாகிறது? இதைக் குணம் சார்ந்த விசயமாக, ஒத்துப்போகிற சுபாவம், விட்டுக்கொடுக்கிற மனசு என்று பார்க்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது போதாது என்று நினைக்கிறேன். சண்டை பிடிக்கவும், சண்டை முற்றினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறவும் வழி உள்ளவர்கள்தான் ஒரு வீட்டுக்குள் நண்பர்களாக முடியும். அந்த வழி கடவுச்சீட்டிலிருந்தும், வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதிலிருந்தும் வருகிறது. இரண்டு பிரெஞ்சுப் படங்கள், ஒரு பிரெஞ்சு விரிவுரை, கடைசியில் எங்களுடைய 'ரூம்'கள் ஆகியவற்றை வைத்து இதைப் பேசிப் பார்க்கலாம்.

2

செத்ரிக் கிளாபிஷ் இயக்கி 2002இல் வந்த படம் 'லோபேர்ஜ் எஸ்பன்யோல்'. நேர்ப்பொருளில் 'ஸ்பானிய விடுதி'. பிரெஞ்சில் அது ஒரு மரபுத்தொடரும்கூட: நீ கையோடு கொண்டுபோனது மட்டுமே உனக்குக் கிடைக்கிற இடம். பாரிசில் பொருளாதாரம் படிக்கும் க்ஸாவியே, ஸ்பானிய மொழி தெரிந்தால் நிதியமைச்சில் வேலை கிடைக்கும் என்று அப்பாவின் நண்பர் சொன்னதைக் கேட்டு, எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு வருடம் பார்சிலோனா போகிறான். ஆங்கிலேயப் பெண் வெண்டி, ஜெர்மானியன் டோபியாஸ், இத்தாலியன் அலெஸ்ஸாண்ட்ரோ, டேனிஷ்காரன் லார்ஸ், ஸ்பானியப் பெண் சொலெதாத் இருக்கிற வீட்டில் அவனுக்கு ஓர் இடம் கிடைக்கிறது. பிறகு பெல்ஜியப் பெண் இசபெல்லும் வந்து சேர்கிறாள்.

படத்தைச் சும்மா தூக்கி எறிந்துவிட முடியாது. சேர்ந்து வாழ்வதின் சின்னச் சின்ன இயக்கங்களை அது கவனமாகப் பார்க்கிறது. தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. யாருடைய வீட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் 'அவர் இப்போது இல்லை' என்று அவரவர் மொழியில் சொல்வதற்கான வாக்கியங்கள் அதில் இருக்கின்றன. ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டு யாருடையது என்பது ஓயாத பிரச்சினை. கழுவாத பாத்திரம் இன்னொன்று. பெரிய தத்துவங்களைவிட இந்தத் தாளும் தட்டும்தான் ஒரு வீட்டின் அரசியல் சாசனம் என்பது கிளாபிஷுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டு காட்சிகளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். முதலாவது, க்ஸாவியே அறை கேட்டு வருகிற காட்சி. ஏற்கெனவே இருப்பவர்கள் உட்கார்ந்து, வேலைக்கு ஆள் எடுப்பது போல அவனை நேர்முகம் காண்கிறார்கள். கேள்வி கேட்பவர்களுக்குள்ளேயே தகராறு வருகிறது. அந்தத் தகராறைப் பார்த்துத்தான் அவனுக்கு அந்த வீட்டின் மேல் ஆசை வருகிறது. இரண்டாவது, வெண்டியைப் பார்க்க வருகிற தம்பி வில்லியத்தின் கதை. ஜெர்மானியர் இப்படி, ஸ்பானியர் இப்படி என்று வாய்க்கு வந்தபடி பேசுகிறவன் அவன். டோபியாஸ் முன்னால் ஹிட்லரை நடித்துக் காட்டுகிறான். வீடே அவன் மேல் எரிச்சலில் இருக்கிறது. ஆனாலும் வெண்டி ஓர் இக்கட்டில் மாட்டப் போகிறாள் என்றவுடன் எல்லோரும் தெருத்தெருவாக ஓடி வருகிறபோது, கடைசி நேரத்தில் தன் மானத்தைப் பணயம் வைத்து அவளைக் காப்பாற்றுவது அந்த வில்லியம்தான். அவமதித்தவனும் அவமதிக்கப்பட்டவனும் மறுநாளும் ஒரே மேசையில் சாப்பிடலாம் என்பது படத்தின் நம்பிக்கை. இசபெல் பெண்களை விரும்புகிறவள் என்பதையும் அந்த மேசை சாதாரணமாக ஏற்றுக்கொள்கிறது.

இந்த நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அதற்கு யார் முதலீடு போட்டார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்த வீட்டில் சண்டைக்கு விலை கிடையாது. டோபியாஸ் கோபித்துக்கொண்டு வெளியேறினால் பேர்லினுக்கோ அடுத்த தெருவுக்கோ போவான். பொலிசிடம் போக மாட்டான், போக நேர்ந்தாலும் பயப்பட மாட்டான். படிப்பு முடிய எல்லோருக்கும் திரும்பிப் போக ஊர் இருக்கிறது. கடைசியில் க்ஸாவியே அமைச்சு வேலையை முதல் நாளே உதறிவிட்டு எழுத்தாளனாகத் தீர்மானிக்கிறபோது, தானும் ஐரோப்பாவைப் போல ஒரு குழப்பம் என்கிறான். குழப்பமாக இருப்பது சிலருக்கு மட்டுமே கிடைக்கிற சலுகை. மற்றவர்களிடம் தெளிவான பிறந்த திகதியும் தெளிவான வந்த வழியும் கேட்கப்படுகின்றன.

படத்துக்கு இது தெரியாமல் இல்லை. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கட்டலான் மொழியில்தான் பாடம் எடுப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறார். அதைத் தொடர்ந்து மாணவர்களுக்குள் மொழி, அடையாளம் பற்றி ஒரு விவாதம் வருகிறது. அதில் காம்பியாவைச் சேர்ந்த கறுப்பின இளைஞர் ஒருவர், தனக்குக் காம்பிய அடையாளமும் உண்டு, கட்டலான் அடையாளமும் உண்டு, இரண்டும் முரண் இல்லை என்கிறார். ஐரோப்பா பற்றிப் படத்தில் பேசப்படுவதிலேயே ஆகக் கூர்மையான பேச்சு அது. ஆனால் அவர் எங்கே இருக்கிறார், யாரோடு இருக்கிறார், என்ன வாடகை கொடுக்கிறார் என்று படம் கேட்கவில்லை. கருத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஐரோப்பாவுக்குப் பன்மைத்தன்மை பற்றிப் பாடம் எடுக்க அவர் தேவைப்படுகிறார். வீட்டில் அவருக்கு அறை இல்லை.

3

சில திகதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது உதவும்.

எராஸ்மஸ் திட்டம் 1987இல் தொடங்கியது. முதல் வருடம் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் போனார்கள். 1988 நவம்பரில் ஸ்பெயினின் தென்முனையிலுள்ள தரிஃபா கடற்கரையில், மொரோக்கோவிலிருந்து புறப்பட்ட பத்தேரா ஒன்று கவிழ்ந்து இறந்தவர்களின் உடல்கள் ஒதுங்கின. அந்தக் கடவையின் மரணக் கணக்கு அங்கேயிருந்துதான் எழுதப்பட்டு வருகிறது. 1990 ஜூன் 15இல் டப்ளின் ஒப்பந்தம் கையெழுத்தானது. தஞ்சம் கேட்பவரின் விண்ணப்பத்தை ஒரே ஒரு நாடுதான் பார்க்கும் என்றும், அது பெரும்பாலும் அவர் முதலில் காலடி வைத்த நாடு என்றும் அது தீர்மானித்தது. நான்கு நாள் கழித்து, ஜூன் 19இல், உள் எல்லைச் சோதனைகளை நீக்கி வெளி எல்லையை இறுக்குகிற ஷெங்கன் நடைமுறை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1991 மே மாதம் ஸ்பெயின் மொரோக்கோக்காரர்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது.

அதே 1990 ஜூன் மாதத்தில்தான் இலங்கையில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. எங்கட ஆட்கள் கொழும்புக்கு ஓடி, அங்கேயிருந்து ஏஜென்சிக்காரனைப் பிடித்துப் புறப்பட்ட நேரத்தில், அங்கே கதவின் பூட்டுத்தான் மாறிக்கொண்டிருந்தது.

க்ஸாவியேயின் வீட்டையும் படகு வீட்டையும் கட்டிய கொத்தனார் ஒரே ஆள் என்பதை இந்தத் திகதிகள் சொல்கின்றன. சிலருக்கு எல்லை அழிந்ததும் மற்றவர்களுக்கு எல்லை தடித்ததும் ஒரே வேலைத்திட்டத்தின் இரண்டு பக்கங்கள். பத்தேராவில் வந்தவரின் உழைப்பும் அந்த நகரத்துக்குத் தேவைப்படுகிறது என்பது வேறு விசயம். உழைப்பை உள்ளே எடுத்துக்கொண்டு உழைப்பாளியை வெளியே நிறுத்துவதற்குத்தானே பத்திரமில்லாத நிலை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

சலுகையும் நிரந்தரமில்லை. வெண்டியின் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிந்தபோது, 2020இன் கடைசியில் எராஸ்மஸையும் கைவிட்டது. இன்னும் வேடிக்கை, கிளாபிஷ் இதே பாத்திரங்களை வைத்து 2005இலும் 2013இலும் எடுத்த அடுத்த இரண்டு படங்களில் பிந்தியது. 'சீனப் புதிர்' என்ற அந்தப் படத்தில் நாற்பது வயதாகிவிட்ட க்ஸாவியே, பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்க நியூயோர்க் போகிறான். பத்திரம் வேண்டும் என்பதற்காக ஒரு சீன-அமெரிக்கப் பெண்ணை ஒப்புக்குக் கல்யாணம் செய்கிறான். குடிவரவு அதிகாரி வந்து விசாரிக்கிற காட்சி கலகலப்பாக எடுக்கப்பட்டிருக்கிறது. அரங்கம் சிரிக்கிறது. பொய்க் குடும்பம் அவனுக்கு ஒரு நகைச்சுவைக் கட்டம். இரண்டு வருடம் கழித்து இன்னொரு பிரெஞ்சுப் படத்தில் ஒரு பொய்க் குடும்பம் வந்தது. அதில் யாரும் சிரிக்கவில்லை. அதற்கு முன்னால் தாளம் பற்றி ஒரு வார்த்தை.

4

ரோலான் பார்த்தின் பெயர் நம் சிறுபத்திரிகை வாசகர்களுக்குப் புதிதில்லை. ஆசிரியனைச் சாகடித்ததோடு அவருடைய வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தவர்கள்தான் அதிகம். அவர் 1977இல் கொலேஜ் த பிரான்ஸில் நடத்திய முதல் விரிவுரைத் தொடரின் தலைப்பு 'எப்படிச் சேர்ந்து வாழ்வது'. அது நூலாக வெளிவந்தது 2002இல், கிளாபிஷின் படம் வந்த அதே வருடம். கிரேக்கத்தின் அதோஸ் மலையில் சில துறவிகள் அவரவர் போக்கில் தனியாக வாழ்ந்துகொண்டே ஒரு மடத்தோடும் சேர்ந்திருந்த முறையிலிருந்து பார்த் ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறார். தன்தாளம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். தனிமையும் வேண்டாம், பட்டாளத்து ஒழுங்கும் வேண்டாம்; ஒவ்வொருவரும் தன் தாளத்தில் இருந்தபடியே சேர்ந்திருப்பது என்கிற கனவு அது.

இதை விளக்க அவர் தன் ஜன்னல் வழியாகப் பார்த்த ஒன்றைச் சொல்கிறார். ஒரு தாய் வெறும் தள்ளுவண்டியை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, மற்றக் கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகிறாள். அவள் தன் வேகத்தில் நடக்கிறாள். பிள்ளை இழுபட்டு ஓடுகிறது. அடி இல்லை, ஏச்சு இல்லை. தாளத்தை யார் தீர்மானிக்கிறார் என்பதன் வழியாகவே அதிகாரம் வேலை செய்துவிடுகிறது.

பார்சிலோனா வீட்டைத் தன்தாளத்தின் ஒரு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவன் இரவு முழுக்கக் குடிக்கிறான், ஒருத்தி படிக்கிறாள், ஒருவன் ஒழுங்காகத் தட்டைக் கழுவி அடுக்குகிறான். இடிக்கிறது, ஆனாலும் நடக்கிறது.

இப்போது படகு வீட்டுக்குப் போவோம். ஸ்பானியப் பத்திரிகைகளில் இன்னொரு சொற்றொடரும் உண்டு: 'காமாஸ் கலியேந்தெஸ்', சூடான படுக்கைகள். ஒரே கட்டிலை மணிக்கணக்குக்கு மாற்றி மாற்றி வாடகைக்கு விடுவது. இரவு வேலைக்குப் போகிறவன் எழும்ப, பகல் வேலை முடித்தவன் படுக்கிறான். முந்தியவனின் உடற்சூடு ஆறுவதற்கு முதல் அடுத்தவன் வந்துவிடுகிறான். எங்கட ரூம்களுக்கும் இது தெரியாத விசயமில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் தன்தாளம்தான்: ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு போக்கு. பார்த்தின் கனவு தலைகீழாக நிறைவேறியிருக்கிறது. தாளத்தைத் தீர்மானிப்பவர் உணவகத்து முதலாளி, துப்புரவுக் கம்பெனி மேலாளர், முதல் ரயில் புறப்படும் நேரம். ஒரே தலையணையில் தலைவைக்கிற இரண்டு பேர் மாதக்கணக்கில் சந்தித்துக்கொள்ளாமலே இருக்கலாம். சந்திக்காதவர்கள் சண்டை பிடிக்க முடியாது. சண்டை பிடிக்க முடியாதவர்கள் நண்பர்களாகவும் முடியாது. வாடகைக்கு விடப்படுவது கட்டில் மட்டுமில்லை, ஒருவரையொருவர் அறிகிற நேரமும் அதோடு சேர்த்துக் களவாடப்படுகிறது.

ஸ்பெயினில் இதற்கு மேல் ஒன்றும் இருக்கிறது. நகரசபையின் குடியிருப்போர் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் மருத்துவ அட்டைக்கு வழி. இத்தனை வருடம் இங்கே இருந்தேன் என்று பிறகு பத்திரம் கேட்பதற்கான ஆதாரமும் அந்தப் பதிவுதான். பதிவுக்கு விலாசம் வேண்டும். விலாசம், ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவரின் கையில் இருக்கிறது. அவர் பெரும்பாலும் வீட்டுக்காரர்கூட இல்லை. நம்மைப் போல வந்து, நமக்குக் கொஞ்சம் முந்தி வந்து, பெயரை எழுதிக்கொண்டவர். ஃப்ரிட்ஜில் உன் தட்டு எது என்று அவரிடம் வாதாடிப் பாருங்கள். நாளைக்கு உங்கள் பெயர் பதிவேட்டில் இல்லாமல் போகலாம்.

5

ழாக் ஒதியாரின் 'தீபன்' 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. 1993இல் பிரான்ஸ் வந்து சேர்ந்த எழுத்தாளர் ஷோபாசக்தி அதில் முதன்மைப் பாத்திரம். கதை தெரிந்ததுதான். போரின் முடிவில் ஒரு முன்னாள் போராளி, ஓர் இளம்பெண், ஒன்பது வயதுச் சிறுமி, மூவரும் இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டில் அப்பா, அம்மா, மகளாகப் பிரான்சுக்கு வருகிறார்கள். பாரிசின் புறநகரில் ஒரு குடியிருப்பில் வேலையும் வீடும் கிடைக்கிறது. இதுவும் முன்பின் தெரியாதவர்கள் வெளிநாட்டில் ஒரே வீட்டில் வாழ்கிற கதைதான். க்ஸாவியேயின் படத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

இங்கேயும் வாசலில் ஒரு நேர்முகம் இருக்கிறது. எதிரே இருப்பது தஞ்ச அதிகாரி. இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர். சொல்லப்போகிற கதை எடுபடாது என்று அவர் அதைத் திருத்திக் கொடுக்கிறார். பார்சிலோனா நேர்முகத்தில் ஆளுக்கொரு கருத்துச் சொன்னது வசீகரமாக இருந்தது. இங்கே மூன்று பேரும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒரு சொல் பிசகினால் மூன்று பேருக்கும் ஆபத்து.

அரசு தஞ்சம் கேட்டு வருகிறவரை எப்படி அடையாளம் காண்கிறது என்பதை இது காட்டுகிறது. தனி இளைஞன் என்றால் சந்தேகம், மனைவியும் குழந்தையும் கூட இருந்தால் கொஞ்சம் இரக்கம். நண்பர்கள் என்கிற வகை அதன் படிவத்தில் கிடையாது. மூன்று அந்நியர்கள் ஒருவருக்கொருவர் துணையாக வந்தோம் என்று உண்மையைச் சொன்னால் அந்த உண்மைக்குப் பெட்டி இல்லை. மாணவனுக்கு நட்பு, அகதிக்குக் குடும்பம், பத்திரமில்லாதவனுக்குக் கூட்டம். மனிதர்கள் சேர்ந்திருப்பதன் வகைகளை நிர்வாகம் இப்படிப் பங்கிட்டு வைத்திருக்கிறது.

படத்தின் நல்ல பகுதி இந்தப் பொய்க்குள்ளே நடக்கிற சின்ன விசயங்கள். பள்ளி வாசலில் மற்ற அம்மாக்கள் பிள்ளைகளைக் கொஞ்சி அனுப்புவதைப் பார்த்த இளையாள், தனக்கும் அப்படிச் செய் என்று யாழினியிடம் கேட்கிறாள். யாழினிக்கு அது வரவில்லை. வேறொருத்தியின் பெயரில் தாயாக நடிப்பவளிடம் முத்தமும் கடமையாகக் கேட்கப்படுகிறது. யாழினி லண்டனிலுள்ள உறவினரிடம் போக ரயில் நிலையம் வரை போகிறாள். தீபன் பின்னால் போய்க் கடவுச்சீட்டைப் பிடுங்கி அவளைத் திருப்பிக் கூட்டி வருகிறான். வெளியேறும் வழி மூடப்படுகிற காட்சி அது. மூடுகிறவன் அதிகாரி இல்லை, கூட இருக்கிற ஆண். அரசு எழுதிக்கொடுத்த 'கணவன்' பாத்திரம் எவ்வளவு சுலபமாக அவன் கைக்குப் பொருந்திவிடுகிறது பாருங்கள்.

இதைத் தொடர்ந்து போயிருந்தால் படம் எங்கோ போயிருக்கும். ஒதியார் அதைச் செய்யவில்லை. கடைசியில் போதைப்பொருள் கும்பல், துப்பாக்கி, கத்தி, பழைய போராளி மறுபடி போராளியாகிறான். பிறகு வெயில் அடிக்கிற இங்கிலாந்தில் ஒரு வீடு, சுற்றிலும் ஆட்கள், கையில் ஒரு குழந்தை. பொய்க் குடும்பம் உண்மைக் குடும்பமாக முத்திரை குத்தப்படுகிறது. அந்நியர்கள் அந்நியர்களாகவே இருந்துகொண்டு ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ள முடியும் என்கிற சாத்தியத்தைப் படமும் கைவிட்டுவிடுகிறது. அரசின் படிவத்தை எதிர்த்துத் தொடங்கிய கதை, கடைசியில் அதே படிவத்தை ஒழுங்காக நிரப்பிக் கொடுக்கிறது.

6

வெள்ளைக்காரர்களின் படங்களை இவ்வளவு கேட்டாயிற்று. எங்கட ரூம்களை என்ன செய்வது?

83க்குப் பிறகு பாரிசிலும் ஜெர்மன் நகரங்களிலும் சுவிசிலும் தமிழ்ப் பெடியள் சேர்ந்திருந்த அறைகளைப் பற்றி ஒரு மாதிரி ஏக்கம் எங்களிடம் வளர்ந்திருக்கிறது. ஒரு குசினி, ஒரு சட்டி, முறை வைத்துச் சமையல், மாசக் கடைசியில் கொப்பியைத் திறந்து கணக்குப் பார்ப்பது. கோப்பை கழுவிவிட்டு நடுச்சாமம் வந்தவனுக்கு மூடி வைத்த சோறு. புதிதாக வந்தவனுக்கு முதல் மாசம் காசு இல்லை. ஏஜென்சிக் கடனுக்குச் சீட்டில் முந்திக் கொடுப்பது. இதெல்லாம் உண்மை. ஃப்ரிட்ஜில் தட்டுப் பிரித்துக்கொண்ட மாணவர் வீட்டைவிட இங்கே பகிர்வு அதிகம் என்று சொல்வதில் தவறில்லை. கூட்டாளி என்ற எங்கட சொல்லுக்குள் கூட்டு என்பது சும்மா கிடக்கவில்லை.

ஆனால் இந்த வீட்டுக்கும் வாசல் இருந்தது. அங்கேயும் நேர்முகம் நடந்தது. "ஊர் எது?" என்பது முதல் கேள்வி. ஊரைச் சொன்னால், "ஊரில எவடம்?" கேட்கிறவனுக்குத் தெருவின் பெயரில் ஒரு அக்கறையும் இல்லை. கோயிலுக்கு எந்தப் பக்கம், எந்தக் குறிச்சி என்பதிலிருந்து சாதியைக் கணித்துவிடலாம். மூன்றாவது கேள்வி, எந்த இயக்கம். இவற்றுக்குச் சரியான பதில் வராதபோது, இடமில்லை என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. "இன்னொரு பெடியன் வாறதெண்டு சொல்லியிருக்கிறான்" என்பார்கள். சட்டி ஒன்றுதான். ஆனால் அந்தச் சட்டியில் யார் கரண்டி வைக்கலாம் என்பது ஊரிலேயே தீர்மானிக்கப்பட்டிருந்தது. ஸ்பானிய விடுதி என்கிற பிரெஞ்சு மரபுத்தொடர் இங்கேதான் கச்சிதமாகப் பொருந்துகிறது: கையோடு கொண்டுபோனதுதான் அங்கே கிடைத்தது.

பெண்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அந்த ரூம்கள் ஆண்களுடையவை. குசினியில் நின்ற ஆண், மனுசி வந்து இறங்கியதும் குசினியை ஒப்படைத்துவிட்டு வரவேற்பறைக்குப் போனான். கூட்டாளிகளின் கூட்டுச் சமையலில் கற்றதைக் குடும்பத்துக்குள் கொண்டுபோனவர்கள் எத்தனை பேர்? தனியாக வந்த பெண், கல்யாணத்தை விட்டு வெளியேறிய பெண், எங்கே போய் அறை கேட்டாள்? இசபெல் மாதிரி ஒருத்தியோ ஒருவனோ எங்கட வீட்டு வாசலுக்கு வந்திருந்தால் நாலாவது கேள்வி ஒன்றும் சேர்ந்திருக்கும்.

இன்னொன்றும் நடந்தது. ஐரோப்பாவின் தமிழ்ச் சிறுபத்திரிகைகள், ஜெர்மனியின் 'தூண்டில்', சுவிசின் 'மனிதம்', நோர்வேயின் 'சுவடுகள்', இப்படி இருப்பவர்களின் நடுவிலிருந்துதான் வந்தன. 1988இல் ஜெர்மனியில் இலக்கியச் சந்திப்பு தொடங்கியது. பெண்கள் தங்களுக்கென்று பெண்கள் சந்திப்பைத் தொடங்கினார்கள். தங்கள் அரசியலை ஏற்காதவர்களோடு இரவிரவாக வாதாடி, விடிய அதே தரையில் பாய் விரித்துப் படுத்த ஒரு பழக்கம் அங்கே உருவாகியது. ஊர், எவடம், இயக்கம் என்ற கேள்விகளைக் கேட்காமல் ஒருவரை உள்ளே விடக் கற்றுக்கொண்டதும் அங்கேதான், அரைகுறையாகவேனும். இயக்கங்களின் துப்பாக்கிக்குப் பயந்து மற்ற இடங்களில் பேச முடியாதிருந்ததை அங்கே பேச முடிந்தது. அந்த வாதங்களின் தரம் பற்றி ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். ஆனால் சண்டை பிடித்தும் சேர்ந்திருக்கிற உரிமையை, எந்தக் கடவுச்சீட்டும் கொடுக்காத உரிமையை, அவர்கள் தாங்களாக உண்டாக்கிக்கொண்டார்கள்.

7

இதிலிருந்து எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

பார்சிலோனாவில் அடமானக் கடனால் வீடிழந்தவர்கள் 2009இல் ஒரு மேடையாகத் திரண்டார்கள். எக்குவடோரிலிருந்து வந்து கடனில் வீடு வாங்கி மாட்டிக்கொண்டவர்களும் அந்த நகரத்திலேயே பிறந்தவர்களும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து, தங்கள் வங்கிக் கடிதங்களை எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். வீட்டுக் கதவு முன்னால் கூடி நின்று வெளியேற்றங்களைத் தடுத்தார்கள். வங்கிகள் பூட்டி வைத்த கட்டடங்களில் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். அந்த மேடையின் பேச்சாளராக இருந்த அடா கொலாவ் 2015இலிருந்து 2023 வரை நகர மேயராகவும் இருந்தார். வாடகைப் பிரச்சினை அதனால் தீர்ந்துவிடவில்லை. 2024 ஜூனில் அடுத்த மேயர், சுற்றுலாப் பயணிகளுக்கு விடப்படும் 10,101 வீடுகளின் அனுமதியை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவிக்க வேண்டி வந்தது. மாணவரும் பத்திரமில்லாதவரும் ஒரே சந்தையில், ஒரே வீட்டுக்காரர் வர்க்கத்திடம்தான் நிற்கிறார்கள் என்பதை இந்த எண் சொல்கிறது. ஒருவரைக் கூட்டாளியாகவும் மற்றவரைக் கூட்டமாகவும் பிரித்து வைத்திருப்பதால் லாபம் யாருக்கு என்பதையும் சேர்த்துத்தான்.

ஆகவே, சேர்ந்து வாழ்வது பற்றி எழுதுகிற, படம் எடுக்கிற, கவிதை பாடுகிற நண்பர்களிடம் மூன்று கேள்விகளை வைக்கலாம் என்று தோன்றுகிறது. ஒப்பந்தத்தில் யாருடைய பெயர்? வீட்டின் தாளத்தை யார் தீர்மானிக்கிறார்? கோபித்துக்கொண்டு வெளியேற யாருக்கு வழி இருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் பன்மைத்தன்மை, விருந்தோம்பல், புலம்பெயர்ந்த நட்பு என்று பேசுவது சுவருக்கு வெள்ளையடிக்கிற வேலை. கேள்விகள் கிளாபிஷுக்கும் ஒதியாருக்கும் மட்டும் உரியவை இல்லை. ஊரில எவடம் என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிற எங்கட வாசல்களுக்கும் உரியவை. அந்த வாசல்களில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இதை எழுதினால் இந்தக் கட்டுரை இன்னும் திருத்தமாகும். எழுத வேண்டும்.